உறையாத ஜெல்லியின் வரலாறு

லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' நாவலைப் பலர் படித்திருப்பார்கள். படிக்காதவர்கள் படமாகவாவது பார்த்திருப்பார்கள். அதன் இரண்டாம் பாகம் 1869ல் வெளிவந்தது. அதில் ஒரு காட்சி வருகிறது. சகோதரிகளில் மூத்தவளான மெக்குக்குப் புதிதாகத் திருமணமாகியிருக்கிறது. தோட்டத்தில் கரன்ட் பழங்கள் பழுத்துத் தொங்குகின்றன. கரன்ட் என்றால் நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் உலர்ந்த திராட்சை அல்ல. செடியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், புளிப்பான, சின்னஞ்சிறு சிவப்புப் பழம். வருடம் முழுவதும் வைத்துக்கொள்ள அதில் ஜெல்லி செய்துவிடலாம் என்று மெக் நினைக்கிறாள். கணவன் ஜான் நான்கு டஜன் சிறிய ஜாடிகளும் அரை பீப்பாய் சர்க்கரையும் வரவழைத்துக் கொடுக்கிறான்.

அம்மா வீட்டில் சமையல்கார ஹன்னா ஜெல்லி செய்வதை மெக் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். என்ன பெரிய வித்தை என்று இறங்குகிறாள். நாள் முழுக்கக் காய்ச்சுகிறாள், வடிகட்டுகிறாள். சமையல் புத்தகத்தைப் புரட்டுகிறாள். மறுபடி காய்ச்சி, மறுபடி சர்க்கரை போட்டு, மறுபடி வடிகட்டுகிறாள். ஜெல்லி உறையவே இல்லை. மாலை ஐந்து மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து அழுகிறாள். அந்த நேரம் பார்த்து ஜான், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நண்பனைச் சாப்பிட அழைத்து வருகிறான். புதுமணத் தம்பதியின் முதல் பெரிய சண்டை அன்றுதான் நடக்கிறது!

ஒரு ஜெல்லிக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பத்தில் ஜெல்லி உறைவது மனைவியின் திறமைக்கு ஒரு தேர்வு மாதிரி. உறைந்தால் கைப்பக்குவம் உள்ளவள், உறையாவிட்டால் சமைக்கத் தெரியாதவள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பது அறிவியலுக்குத் தெரியவந்த கதைதான் இந்தக் கட்டுரை.

ஜெல்லி என்றால் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூர்க் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் பல ஜெல்லிப் பொடிகளில் ஜெலட்டின் இருக்கும். அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. 'சைனா கிராஸ்' எனப்படும் அகர் அகர் கடற்பாசியிலிருந்து வருவது. இங்கே பேசப்படும் ஜெல்லி இரண்டும் அல்ல. பழத்தை வேக வைத்து, துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக வடியும் தெளிந்த சாற்றை எடுத்து, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஆறியதும் தானாகவே உறைவது. ரொட்டியில் தடவலாம். பழத்தின் சதையோடு சேர்த்துக் காய்ச்சினால் அது ஜாம்.

ஜாம் கொஞ்சம் தளர்வாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஜெல்லியில் அந்தச் சலுகை கிடையாது. பாட்டிலைக் கவிழ்த்தால் வடிவம் மாறாமல் நிற்க வேண்டும், கரண்டியால் வெட்டினால் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அது வெறும் பழப்பாகு.

சர்க்கரை மலிவான கதை

பழத்தை இனிப்பில் போட்டு வைக்கும் பழக்கம் மிகப் பழையது. கிரேக்கர்களும் ரோமானியர்களும் குயின்ஸ் என்ற பழத்தைத் தேனில் ஊறவைத்தார்கள். ஆப்பிளுக்கு உறவான இந்தப் பழத்தைப் பச்சையாகக் கடிக்க முடியாது, அவ்வளவு கடினம், அவ்வளவு துவர்ப்பு. ஆனால் காய்ச்சினால் அருமையாக உறையும். போர்ச்சுகீசிய மொழியில் இதன் பெயர் 'மர்மேலோ'. அதிலிருந்து செய்த கெட்டியான இனிப்பு 'மர்மெலாடா'. இன்று ஆரஞ்சுத் தோலில் செய்யும் மார்மலேடுக்குப் பெயர் வந்தது இப்படித்தான்.

எதிர்காலத்தைக் கணித்ததாகச் சொல்லப்படும் நாஸ்டர்டாமஸ் ஜெல்லியைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? 1555ல் அவர் வெளியிட்ட ஒரு நூலில் அழகுப் பூச்சுகளுக்கான குறிப்புகளோடு ஜாம் வகைகளுக்கான குறிப்புகளும் இருந்தன. குயின்ஸ் ஜெல்லி அதில் ஒன்று. ஆனால் அன்றைக்குச் சர்க்கரை என்பது மருந்துக்கடைச் சரக்கு. ஜெல்லி அரண்மனைப் பண்டமாகவே இருந்தது.

ஏழைகளின் மேசைக்கு அது வருவதற்குச் சர்க்கரை மலிவாக வேண்டியிருந்தது. கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பு ஐரோப்பாவில் சர்க்கரையைப் பெருக்கியது. அந்த இனிப்பின் பின்னால் இருந்த கசப்பு அது. பீட்ரூட் கிழங்கு வகையில் சர்க்கரை இருப்பதை ஜெர்மானிய வேதியியலாளர் மார்கிராஃப் 1747ல் காட்டினார். அவருடைய மாணவர் அஷார்ட் 1801ல் அதற்கென முதல் ஆலையை அமைத்தார். பிரிட்டனில் 1874ல் சர்க்கரை மீதான இறக்குமதி வரி முழுவதும் நீக்கப்பட்டது. சிவர்ஸ், டிப்ட்ரீ போன்ற பெரிய ஜாம் கம்பெனிகள் அந்த ஆண்டுகளில்தான் கிளம்பின. ஒரு வரி போனதும் ஒரு தொழிலே வளர்ந்ததற்கு இது நல்ல உதாரணம்.

பாட்டில் தயார், ஜெல்லி தயாரில்லை

இதே காலத்தில் உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் கலையும் வளர்ந்தது. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர் என்ற இனிப்புத் தயாரிப்பாளர், உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, பாட்டிலோடு கொதிநீரில் வேக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810ல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. முறையைப் புத்தகமாக வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. தகர டப்பாவில் அடைத்தாலும் கண்ணாடி ஜாடியில் அடைத்தாலும் இந்த முறைக்கு இன்று 'கேனிங்' என்றே பெயர்.

1858 நவம்பர் 30 அன்று ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் திருகு மூடி போடும் கண்ணாடி ஜாடிக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பிறகு பால் சகோதரர்கள் 1884ல் கண்ணாடி ஜாடிகள் செய்ய ஆரம்பித்தார்கள். கோடையில் விளைந்ததைக் குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைத்து அலமாரியில் அடுக்குவது அமெரிக்கப் பண்ணை வீடுகளின் வழக்கமானது. ஜெல்லிக்குப் பெரும்பாலும் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள்தான். மேலே பிராந்தியில் நனைத்த காகிதத்தைப் போட்டு மூடுவார்கள். பின்னாளில் உருக்கிய பாரஃபின் மெழுகை ஊற்றினார்கள்.

கெடாமல் வைக்க வழி கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே இருப்பது உறையுமா உறையாதா என்பது மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. போன வருடம் அருமையாக வந்த அதே குறிப்பு, இந்த வருடம் அதே மரத்துப் பழத்தில் காலை வாரிவிடும்.

சமையல் புத்தகங்களும் அனுபவத்தைத்தான் எழுதின. பாஸ்டன் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் 1896ல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் ஒரு விசித்திரமான குறிப்பு உண்டு. ஜெல்லிக்குக் கரன்ட் பழம் சரியான நிலையில் இருப்பது ஜூன் 28 முதல் ஜூலை 3 வரைதானாம். மழை பெய்த உடனே பறிக்கக் கூடாதாம். பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னது போல இருக்கிறதல்லவா? ஆனால் அது மூடநம்பிக்கை இல்லை. அந்தத் தேதி அவர் ஊரில் பழம் முக்கால் பழுத்த நிலை. மழைக்குப் பின் பறித்தால் ஈரம் சேர்ந்து சாறு நீர்த்துப் போகும். அனுபவம் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டது, காரணத்தைத்தான் கண்டுபிடிக்கவில்லை.

புளியில் தொடங்கிய ஆராய்ச்சி

காரணத்தின் முதல் நுனி கிடைத்தது நம் வீட்டுச் சமையலறையில் தினமும் புழங்கும் பொருளிலிருந்து. 1790ல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லன் புளியை ஆராய்ந்தார். அக்கால ஐரோப்பாவில் புளி ஒரு மருந்துப் பொருள். அதில் கூழ் போல உறையும் ஒரு பொருள் இருப்பதை அவர் கவனித்து எழுதினார்.

35 ஆண்டுகள் கழித்து, 1825ல், பிரான்ஸின் நான்சி நகரைச் சேர்ந்த ஹென்றி பிராகொனோ அதே பொருள் பல தாவரங்களில் பரவிக் கிடப்பதைக் கண்டார். 'உறைவது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரிலிருந்து வந்ததுதான் இன்றைய 'பெக்டின்'.

செங்கற்களுக்கு நடுவே சிமெண்ட் போல, தாவரத்தின் செல்களுக்கு நடுவே இருந்து அவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். காயாக இருக்கும்போது அது நீரில் கரையாத நிலையில் இருக்கும், காய் கெட்டியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுக்கப் பழுக்கக் கரையும் பெக்டினாக மாறும். அளவுக்கு மீறிக் கனிந்தால் அதுவும் சிதைந்து உறையும் தன்மையை இழந்துவிடும். கனிந்த பழம் கொழகொழவென்று ஆவது அதனால்தான். ஜெல்லிக்கு நன்றாகப் பழுத்த பழத்தோடு கொஞ்சம் முக்கால் பழத்தையும் சேர்க்கச் சொல்வதன் ரகசியமும் இதுவே.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்பேர் 1810ல் பாட்டில் முறையைச் சொன்னபோது அது ஏன் வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. கிருமிகள்தான் காரணம் என்று பாஸ்டர் விளக்கியது ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து. அங்கே கைவேலை முந்தியது, அறிவியல் பின்னால் வந்தது. ஜெல்லியில் இது தலைகீழ். பெக்டின் 1825லேயே பெயர் வாங்கிவிட்டது. ஆனால் 1869ல் மெக் அழுதுகொண்டிருந்தபோது அந்தத் தகவல் எந்தச் சமையலறைக்கும் போய்ச் சேரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது.

சுவரில் கதவு வைத்தவர்

அந்தச் சுவரில் கதவு வைத்தவர்களில் முக்கியமானவர் நெல்லி கோல்ட்த்வெயிட். 1904ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தக் காலத்தில் அப்படிப் படித்த பெண்களுக்குப் பெரிய பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளில் இடம் கிடைப்பது அரிது. வீட்டியல் துறை என்றால் கதவு திறக்கும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இசபெல் பெவியர் நடத்திய வீட்டியல் துறையில் அவர் 1908ல் சேர்ந்தார். சமையல் சொல்லித்தரும் துறை என்று பலர் இளக்காரமாக நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜெல்லி ஏன் உறைகிறது என்ற கேள்வியை வேதியியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்.

1909ல் அமெரிக்காவின் தொழில்துறை வேதியியல் ஆய்விதழ் ஒன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பிறகு இல்லத்தரசிகளுக்குப் புரியும்படி ஒரு சிறு வெளியீடாகவும் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். சாற்றில் பெக்டினும் இருக்க வேண்டும், அமிலமும் இருக்க வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் உறையாது. சர்க்கரையின் அளவு அந்தச் சாற்றின் தன்மைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். "ஒரு கப் சாற்றுக்கு ஒரு கப் சர்க்கரை" என்று எல்லாப் பழத்துக்கும் ஒரே விதி போட்டால் ஏமாற்றம்தான். சர்க்கரை கூடிவிட்டால் ஜெல்லி பாகாகிவிடும், குறைந்துவிட்டால் ரப்பர் போல இறுகிவிடும்.

அதே 1909ல்தான் டென்மார்க்கில் சோரன்சன் பிஹெச் என்ற அமில அளவுகோலை அறிமுகப்படுத்தினார். ஜெல்லிக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவின் டெலவேர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் டார் என்பவர் 1923ல் வெளியிட்ட ஆய்வில், சாற்றில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைவிட அதன் பிஹெச் எவ்வளவு என்பதே முக்கியம் என்று காட்டினார். ஏறக்குறைய 3.5க்கு மேல் பிஹெச் போனால் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் பயனில்லை. 3 முதல் 3.2 வரை இருந்தால் நல்லது. ஜெல்லிக் குறிப்புகளில் எலுமிச்சைச் சாறு வருவது வெறும் ருசிக்காக அல்ல என்பது இப்போது புரியும்.

மூன்று பேர் கூட்டணி

இன்று தெரிந்த விளக்கத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி. பெக்டின் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. பழச்சாற்றில் இந்தச் சங்கிலிகள் மிதக்கின்றன. ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை. இரண்டு தடைகள். ஒன்று, எல்லாச் சங்கிலிகளும் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, அதனால் ஒன்றையொன்று தள்ளும். இரண்டு, ஒவ்வொரு சங்கிலியையும் சுற்றித் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அமிலம் வந்து முதல் தடையை நீக்குகிறது, மின் ஏற்றம் தணிகிறது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இரண்டாவது தடையை நீக்குகிறது. இப்போது சங்கிலிகள் நெருங்கி, அங்கங்கே பின்னிக்கொண்டு ஒரு வலையாகின்றன. மீதித் தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் ஜெல்லி. சாதாரணப் பழ ஜெல்லியில் ஏறத்தாழ 65 சதவீதம் சர்க்கரை. பெக்டின் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். கரண்டியை நிற்க வைப்பது அந்த ஒரு சதவீதம்!

இந்த அளவு சர்க்கரை சேர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வெப்பமானி போதும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஜெல்லிக் கலவை 104 முதல் 105 டிகிரியைத் தொட்டால் பதம் வந்துவிட்டது. வெப்பமானி இல்லாத காலத்தில் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். முதலில் தண்ணீர் போல ஓடும், பிறகு இரண்டு சொட்டாக விழும், கடைசியில் இரண்டும் சேர்ந்து கரண்டியின் விளிம்பில் தகடு போலத் தொங்கும். நம் வீடுகளில் அதிரசத்துக்கும் பொரிவிளங்காய் உருண்டைக்கும் பாகுப் பதம் பார்ப்பது மாதிரிதான்.

மெக் செய்த தவறு என்ன?

இப்போது மெக்கின் சமையலறைக்குத் திரும்பிப் போகலாம். கரன்ட் பழத்தில் பெக்டினும் அதிகம், புளிப்பும் அதிகம். உண்மையில் உறைவதற்கு மிகச் சுலபமான பழங்களில் அது ஒன்று. அப்படியானால் எங்கே தவறியது?

கதையிலேயே விடை இருக்கிறது. மறுபடி காய்ச்சினாள், மறுபடி சர்க்கரை போட்டாள். அமிலம் உள்ள சாற்றில் பெக்டினை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் அந்தச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துவிடும். அறுந்த சங்கிலி வலை பின்னாது. கூடுதல் சர்க்கரை அதைப் பாகாகவே வைத்திருக்கும். அது மட்டுமல்ல, நான்கு டஜன் ஜாடிக்கு வேண்டியதைப் பெரும் பாத்திரத்தில் ஒன்றாகக் காய்ச்சினால் கொதி வரவே நேரமாகும், தண்ணீர் வற்ற இன்னும் நேரமாகும். அவ்வளவு நேரமும் பெக்டின் அறுந்துகொண்டே இருக்கும். சிறு சிறு அளவாகக் காய்ச்சு, குறிப்பில் உள்ள அளவை இரட்டிப்பாக்காதே என்று இன்றைக்கும் எல்லாக் கையேடுகளும் சொல்வது இதனால்தான்.

கொடுமை என்னவென்றால், அவள் எவ்வளவு அக்கறையாக முயன்றாளோ அவ்வளவுக்கு ஜெல்லி கெட்டது. சோம்பேறியாக இருந்திருந்தால் ஒருவேளை உறைந்திருக்கும். இதைக் 'கைப்பக்குவம் இல்லை' என்று சொன்னால் எப்படி நியாயம்?

குப்பையிலிருந்து வந்த தொழில்

காரணம் தெரிந்ததும் வியாபாரம் பின்னாலேயே வந்தது. ஆப்பிளைப் பிழிந்து சைடரும் வினிகரும் செய்யும் ஆலைகளில் மலை மலையாகச் சக்கை மிஞ்சும். தோலும் விதைப்பகுதியும் சேர்ந்த அந்தச் சக்கையில்தான் பெக்டின் நிறைய. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் டக்ளஸ் அதிலிருந்து பெக்டினைப் பிரித்தெடுக்கும் முறைக்கு 1913 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். பக்கத்து ஊரான ஃபேர்போர்ட்டில் இருந்த அவருடைய ஆலையிலிருந்து 'செர்டோ' என்ற பெயரில் திரவ பெக்டின் பாட்டில்களில் கடைக்கு வந்தது. 1929ல் அந்த நிறுவனத்தை, பிறகு ஜெனரல் ஃபுட்ஸ் என்று பெயர் மாறிய பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. கழிவாகக் கருதப்பட்டது துணைப் பொருளாகி, பிறகு அதுவே முதன்மைப் பொருளாகிவிட்டது. காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் சொல்லித்தரும் உதாரணங்களுக்கு இதைவிடச் சுவையானது கிடைக்காது.

பாட்டில் பெக்டின் சமையலறையில் பெரிய மாற்றத்தைச் செய்தது. முன்பு அரைமணி நேரம் காய்ச்சியது இப்போது முழுக் கொதி வந்ததும் ஒரு நிமிடம்தான். சாறு அதிகம் வற்றாததால் அதே பழத்துக்கு ஜாடிகள் கூடுதலாகக் கிடைத்தன. ஸ்ட்ராபெரி, செர்ரி போன்ற பெக்டின் குறைந்த பழங்களும் உறைந்தன. விளம்பரங்களும் அந்தப் பழைய பயத்தைத்தான் குறிவைத்தன, இனித் தோல்வி கிடையாது என்று.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பெக்டின் சேர்க்காத பழைய முறையில் ஒரு கப் சாற்றுக்கு முக்கால் கப் சர்க்கரை போதும். சாறு வற்றுவதால் இனிப்பு தானாகவே செறியும். ஒரு நிமிடக் காய்ச்சலில் தண்ணீர் வற்றாது. அதனால் 65 சதவீதத்தை எட்டச் சாற்றைவிட அதிகமாகச் சர்க்கரை கொட்ட வேண்டும். நேரம் மிச்சம், ஆனால் சர்க்கரைச் செலவு கூடுதல்.

இந்தக் கணக்கு போர்க்காலத்தில் கடித்தது. அமெரிக்காவில் 1942 மே மாதம் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்த பிறகும் 1947 வரை அது நீடித்தது. வீட்டில் கேனிங் செய்பவர்கள் கூடுதல் சர்க்கரைக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். கிடைத்த சர்க்கரையில் ஒரு தடவை ஜெல்லி உறையாமல் போனால் அது வெறும் அவமானம் இல்லை, குடும்பத்தின் பங்கே வீணானது மாதிரி. சர்க்கரை அதிகம் தேவைப்படாமல், கால்சியம் சேர்த்தால் உறையும் இன்னொரு வகை பெக்டின் 1940களில் தொழில்முறையில் வளர்ந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கான குறைந்த இனிப்பு ஜாம் இன்று கிடைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு.

இன்றைக்கு மிஞ்சியிருப்பது

இன்று உலகின் பெக்டினில் பெரும்பகுதி, சாறு பிழிந்த எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலிலிருந்து வருகிறது. மீதியில் பெரும்பங்கு ஆப்பிள் சக்கையிலிருந்து. வீட்டில் ஜாம் பாட்டில் இருந்தால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 440 என்ற எண் இருந்தால் அது பெக்டின்தான். நம் ஊர்ப் பழங்களில் கொய்யாவிலும் விளாம்பழத்திலும் பெக்டின் அதிகம். கடையில் பெக்டின் வாங்காமலே கொய்யா ஜெல்லி உறைவது அதனால்தான்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு விட்டுச்சென்ற விதிகள் சில:

1. சாற்றில் பெக்டின் போதுமா என்று சோதிக்கலாம். ஆறிய சாறு ஒரு டீஸ்பூன், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் ஒரு டேபிள்ஸ்பூன், இரண்டையும் மெதுவாகக் கலந்தால் ஒரே கட்டியாகத் திரள வேண்டும். உதிரி உதிரியாக நின்றால் பெக்டின் போதாது. சோதித்ததை வாயில் வைக்கக் கூடாது, அது விஷம். கீழே கொட்டிவிட வேண்டும்.

2. புளிப்பு குறைந்த பழமென்றால் எலுமிச்சைச் சாறு அவசியம்.

3. துணிப்பையைப் பிழியக் கூடாது, சாறு கலங்கிவிடும்.

4. பொடி பெக்டின் என்றால் பொதுவாகச் சர்க்கரைக்கு முன் சேர்க்க வேண்டும். திரவ பெக்டின் என்றால் சர்க்கரை போட்டுக் கொதித்த பின். மாற்றிப் போட்டால் உறையாது.

5. சில ஜெல்லிகள் உறைய ஒரு நாள் ஆகும், சில வகைகளுக்கு ஓரிரு வாரம்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

6. மெழுகு ஊற்றி மூடுவதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. ஓரத்தில் இடைவெளி விழுந்து பூஞ்சணம் பிடிக்கும். அமெரிக்க விவசாயத் துறையின் கேனிங் வழிகாட்டியும், மூடிய ஜாடியைக் கொதிநீரில் வைத்து எடுக்கத்தான் சொல்கிறது.

இதில் எதுவுமே பெரிய விஞ்ஞானம் போலத் தெரியாது. ஆனால் பெக்டினுக்குப் பெயர் கிடைத்ததிலிருந்து இது ஒரு சமையலறைக்கு வந்து சேர 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவரை உறையாத ஒவ்வொரு ஜெல்லிக்கும் பழி ஒரு பெண்ணின் கைமேல் விழுந்தது. பழம் கனிந்துவிட்டது, மழை பெய்துவிட்டது, புளிப்பு போதவில்லை, கொதி கூடிவிட்டது, இப்படி ஆயிரம் காரணம் இருந்தும் ஒன்றுகூட அவளுக்குச் சொல்லப்படவில்லை.

கைப்பக்குவம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஹன்னாவிடம் அது இருந்தது. எப்போது அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏன் என்று அவளாலும் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் நூறு முறை பக்கத்தில் நின்று பார்த்தும் மெக்கால் கற்றுக்கொள்ள முடியவில்லை. காரணம் தெரிந்த கைப்பக்குவத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காரணம் தெரியாதது அந்தக் கையோடே போய்விடும்.

கோல்ட்த்வெயிட் செய்தது அந்தக் கைமாற்றத்தைத்தான். அவர் எழுதியதைப் போன்ற ஒரு சிறு வெளியீடு மெக்கின் அலமாரியில் இருந்திருந்தால், அன்று மாலை அவள் அழுதிருக்க மாட்டாள். நான்கு டஜன் ஜாடிகளும் நிரம்பியிருக்கும். ஜானின் நண்பனுக்கும் ரொட்டியில் தடவ ஏதாவது கிடைத்திருக்கும்!